வெல்டர் நீட்டாத கை

வெல்டர் மூன்றாவது தடவையாகச் சட்டைக் கையை மடித்தார். மடித்த வேகத்தில் இறக்கியும் விட்டார்.

எல்லோரும் லேப் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண், ரத்தம் எடுக்கும் அறையில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள். ஊசியைக் கண்டு நடுங்கும் கணவன்மார் அவளுக்குப் புதிதல்ல. போன வாரம் ஆறடி உயரப் போலீஸ்காரர் ஒருவர், ஊசி உறையைப் பிரிக்கும்போதே சரிந்து விழுந்தார்.

ஆனால் இவர் கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்புகள். இந்தக் கைக்கு ஓர் ஊசி எம்மாத்திரம்?

வெளியே பெஞ்சில் அவருடைய மனைவி, பத்து வாரக் கர்ப்பிணி. பக்கத்தில் மாமியார். மருமகன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து பாதியில் நழுவிவிட்டதால் இன்று அவரே காவலுக்கு வந்துவிட்டார். போயும் போயும் ஒரு பயந்தாங்கொள்ளிக்குப் பெண்ணைக் கொடுத்தேனே என்று அவர் வருவோர் போவோரிடமெல்லாம் புலம்புவது உள்ளே வரை கேட்டது.

லேப் அக்காவுக்கும் எரிச்சல்தான். மனைவியின் ரத்தத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கூறு இருப்பது தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. அது அந்தப் பெண்ணை ஒன்றும் செய்யாது. தகப்பனிடமும் இருந்தால்தான் வினை. அப்போது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பிறக்கிற பிள்ளை ஆயுசு முழுக்க அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி குத்துவதும் அவள்தான். கையில் நரம்பு கிடைக்காமல் பாதத்தில் தேடுகிற நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

பெண்டாட்டி எத்தனை ஊசி குத்திக்கொண்டிருப்பாள், இந்த மனுஷனுக்கு ஒன்றே ஒன்று கசக்கிறதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ரப்பர் பட்டையை இறுக்கினாள்.

ஊசி தொடப்போகும் நேரத்தில் அவர் கையை இழுத்துக்கொண்டார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பியபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“தானமா வாங்கின விந்துல தங்கின குழந்தை இதுங்க. என் ரத்தத்தைப் பாத்து எல்லாம் சரின்னு எழுதிட்டா, ஏமாந்துபோறது குழந்தைதான்.”

வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம் என்று மனைவி அவரிடமே விட்டுவிட்டாளாம். இரண்டு முறை வந்தும் வாய் வரவில்லையாம்.

லேப் அக்கா ஊசியைத் தட்டில் வைத்தாள். பட்டையை அவிழ்த்தாள். டாக்டருக்குப் போன் போட்டு, கருத்தரிப்பு மையத்திலிருந்து தானம் கொடுத்தவரின் பரிசோதனை முடிவை இன்றே வரவழைக்க வேண்டும், அதைக் கணவன் மனைவியிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டாள்.

பிறகு, ஊசியே படாத அந்தக் கையின் மடிப்பில் கொஞ்சம் பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினாள்.

கதவை அகலத் திறந்தாள். மாமியார் காதில் விழும்படி உரக்கவே சொன்னாள்.

“கையை அஞ்சு நிமிஷம் மடக்கியே வச்சிருங்க. ஒரு அப்பா செய்ய வேண்டியதை நீங்க செஞ்சாச்சு.”