எதிராளி ஸ்கூட்

ரம்மி ஆட்டத்தைச் சீட்டுக்குச் சீட்டு அலசி, யார் கை ஓங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும் திரையை இப்போதெல்லாம் வீட்டுச் சண்டைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். இளம்பரிதி வீட்டில் அது ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

அன்று காலை அவன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். மறந்துபோய் லுங்கியோடு உட்கார்ந்திருந்தான்.

"நேத்தும் சொன்னேனேங்க" என்றாள் மனைவி கோதை.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான். அவனுடைய கோடு சரிந்திருந்தது. கீழே யோசனை வந்தது: பழைய சீட்டை இறக்கவும்.

"நம்ம கல்யாணத்துல உங்கம்மா என்ன பேச்சு பேசினாங்க, ஞாபகம் இருக்கா?"

கோடு ஜிவ்வென்று ஏறியது. கோதை ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். இன்னும் ஏறியது. அவள் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"போறேன்."

தெருமுனைக் கடைக்குக் கிளம்பினாலும் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள் அவள்.

"எதிராளி சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். ஸ்கூட். வெற்றி உங்களுக்கே" என்றது திரை.

"பாத்தியா கோதை, ஜெயிச்சுட்டேன்" என்று அவளிடம் காட்டத் திரும்பினான் இளம்பரிதி.