அறுபது பேரின் மௌனம்

லத்தீன் விசுவாசப் பிரமாணத்துக்குச் சிம்பொனி எழுதிய ரெஜினால்டுக்குக் கடவுள்மேலும் நம்பிக்கையில்லை, பாடகர்குழுவான எங்கள்மேலும் இல்லை. “அர்த்தம் யாருக்கு வேணும்? சத்தம் குடுங்க, போதும்” என்று பள்ளிக்கூடத்தில் நடந்த ஒத்திகை முழுக்க எரிந்து விழுந்தார். அரங்கேற்றம் எங்கள் கோவிலில், பீடத்துக்கு முன்னால் நடந்தது. தேவன் மனிதரானார் என்ற வரிக்கு அவர் உச்ச ஓசை வைத்திருந்தார். லத்தீன் பூசையில் அந்த வரிக்கு முழங்கால் போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் பாடிவிட்டோம்; பீடத்துக்கு முன்னால் முடியவில்லை. அறுபது பேரும் பாட்டை விட்டுவிட்டு மண்டியிட்டோம். வாத்தியக்காரர்களும் திகைத்து நிறுத்தினார்கள். தாளம் காட்டிக்கொண்டிருந்த அவர் கைகள் வெறுங்காற்றில் நின்றன. நகரத்து ரசிகர்கள் எழுந்து ஐந்து நிமிடம் கைதட்டினார்கள்; அந்த மௌனம் மேதைமையாம். அவரும் நெஞ்சில் கைவைத்து, அவர்கள் பக்கம் திரும்பிக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் மண்டியிட்டிருந்த அருளாயியக்கா என் கையைப் பிடித்தார்.

“எந்திரிச்சிராதடி. அவனும் குனிஞ்சு முடிக்கட்டும்.”