மூலை மேசை

ரத்னா ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

“எந்திரி. போய் மூலை டேபிள்ல ஒக்காரு.”

“நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?” என்றாள் ஹேமாவதி.

“ஒரு ஸ்க்ரூவுக்கு இம்மாம் நேரமா? லைனே நிக்குது பாரு. போ.”

பெல்ட்டில் சுவிட்ச் பெட்டிகள் தேங்கி நின்றன. பத்துப் பெண்களும் பார்த்தார்கள்.

மூலை மேசை சுவரைப் பார்த்து இருந்தது. முடிந்த பெட்டிகளைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற வேலை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருந்தவள் ரத்னா. யாரோடும் பேசமாட்டாள், திமிர் என்றார்கள். ‘மகாராணி’ என்று பெயர் வைத்ததே ஹேமாவதிதான்.

போன மழைக்கு ஹேமாவதிக்கு வந்த சிக்குன்குனியா காய்ச்சல் நாலே நாளில் இறங்கிவிட்டது. விரல் வீக்கம்தான் இறங்கவில்லை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தாள். “வைரஸ் எப்பவோ போயிடுச்சாம். அத்த அடிக்கக் கெளம்புன நம்ம ஒடம்பு சக்தி, சில பேருக்கு நிறுத்தத் தெரியாம சொந்த மூட்டையே அடிக்குமாம். யாருக்கும் ஒட்டாது.”

“சரிக்கா, சரிக்கா” என்ற அஸ்வினி மறுநாளும் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு ரத்னா மட்டும் ஹேமாவதியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பெல்ட் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் இடத்தில் ரத்னா. பத்துப் பேருக்கு நடுவில்.

“ஒட்டிக்கும்னு பயம். அத்த நேரா சொல்லாம ஸ்க்ரூ மேல பழி போடறா” என்று சுவரிடம் சொன்னாள் ஹேமாவதி. சாயந்தரமே சூப்பர்வைசரிடம் சொல்லி வேலையை விட்டுவிட வேண்டும்.

முத்திரைக் கட்டையை எடுத்தாள். பிடியில் சைக்கிள் டியூபைக் கிழித்துத் தடிமனாகச் சுற்றியிருந்தது. மடங்காத அவள் விரல்களுக்குள் அது அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

மை டப்பாவைத் தேடி டிராயரை இழுத்தாள். உள்ளே ஒரு மருந்துக் கவர். ‘ரத்னா. வாரம் ஒன்று, திங்கள் மட்டும்’ என்று எழுதியிருந்தது. மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்த அதே மஞ்சள் மாத்திரை ஹேமாவதியின் பையிலும் இருந்தது.

ஹேமாவதி திரும்பிப் பார்த்தாள்.

ரத்னா ஸ்க்ரூ டிரைவரை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பெட்டிகள் முன்னைவிட அதிகமாகத் தேங்கியிருந்தன.

“இன்னாக்கா, மோர் கடையறியா?” என்றாள் அஸ்வினி. மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

“வாய மூடிக்கினு வேலையப் பாருடி” என்றாள் ரத்னா, தலை நிமிராமல்.

ரத்னாவுடைய தண்ணீர் பாட்டில் மூலை மேசையிலேயே நின்றிருந்தது. ஹேமாவதி அதைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கினாள். துப்பட்டா முனையை மூடிமேல் போட்டு, பல்லைக் கடித்துத் திருகினாள். மூன்றாவது தடவை அசைந்தது.

மறுபடி இறுக்காமல் மூடியை மேலாக வைத்து, நாஷ்டா பெல் அடிப்பதற்குள் எடுத்துப்போய், ரத்னாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.