வீட்டின் குரல்

"ஒரு நாய்க்குட்டி குடிவந்தா, சுவரு வாயை மூடிக்கணுமாக்கும்?" என்று சிரித்தார் குடியிருப்பின் பராமரிப்பாளர் எபனேசர்.

"எங்க வீட்டுக்கு மட்டும் நிறுத்துங்கண்ணா. கடுகு பாத்ரூமை விட்டே வரமாட்டேங்குது, பாவம்," என்றாள் மங்கை.

எலியும் கரப்பானும் அண்டாதபடி அங்கே எல்லாச் சுவர்களும் பெரியவர்கள் காதுக்கு எட்டாத ஒலியை இடைவிடாமல் எழுப்பின.

எபனேசர் பொத்தானை அழுத்தினார். மங்கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. கடுகு மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது.

அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நான்கு வயது ஆதிரை அதை அள்ளிக் கட்டிக்கொண்டாள். பிறகு திகைத்து, காதுகளைப் பொத்திப் பொத்தித் திறந்தாள். மெல்லப் போய்ச் சுவரில் காதை வைத்தாள். உதடு பிதுங்கியது.

"அம்மா, வீட்டுக்கு என்மேல கோவமா? என்கூடப் பேசச் சொல்லும்மா."