ரயில் மேசை

"எதையும் பெருசா யோசிக்கணும்ப்பா. இந்த ரூம்ல இனிமே என் ஆபீஸ். நீங்க பொம்மை ரயிலோட பின்னறைக்குப் போயிடுங்க" என்றான், மேடைக்கு மேடை முன்னேற வழி சொல்லும் மகன்.

"ரயில் ஓடுற இந்த மேசையை முடிச்சுட்டுப் போறேனே" என்றார் அப்பா, பணிவாக.

பலகைகளை ஒட்டிச் செய்த மேசைமேல் ஃபோம் அட்டையைப் பரப்பித் தண்டவாளத்தை ஒட்டினார். பசை காயும்வரை நகராதபடி குண்டூசி குத்தி வைத்தார்.

"கழட்டுற மாதிரி செஞ்சிருக்கலாமே மாமா?" என்றாள் மருமகள்.

"எதுக்கும்மா கழட்டணும்?"

மறுவாரம் மகன் ஆட்களோடு வந்தான். அவர்கள் மேசையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துக் களைத்தார்கள்.

"எப்படித் திருப்பினாலும் வாசல்ல நுழையல சார். பிரிக்கவும் முடியாது, அத்தனையும் பசை."

மகனுக்கு முகம் சிவந்தது. "கதவை அளக்கவே இல்லையாப்பா?"

"மொதல்ல கதவைத்தான் அளந்தேன். அப்புறந்தான் பெருசா யோசிச்சேன்."