மூளைக்கு என்ன வயசு?

"யாரு இது? ஏழு மாசமா மாசம் தவறாம நம்ம பணத்தை உருவிக்கிட்டிருக்கிறது யாருன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்!"

மனைவி ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவள். ஊரார் கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். சொந்த வீட்டு வங்கிக் கணக்கை இன்றுதான் விரித்துப் பார்த்திருக்கிறாள். கேட்க வேண்டுமா?

"உங்க கார்டுலதான் போயிருக்கு. வாயைத் திறங்களேன்!"

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவன் கார்டைப் பதிந்து வைத்து வீட்டில் எல்லோரும் புழங்கும் டேப்லெட் சோபாவில் கிடந்தது. அதை எடுத்து, அவள் காட்டிய பெயரைத் தட்டினான். 'உங்கள் மூளைக்கு என்ன வயது? இருபதே கேள்விகளில் தெரிந்துகொள்ளுங்கள்!' என்று பளபளவென ஒரு பக்கம் திறந்தது. அதில் சேர்ந்திருந்த பழைய முடிவுகளை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவன், பட்டென்று மூடினான்.

"நான்தான்."

"மூளைக்கு வயசு பார்த்தீங்களா? மூளைன்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுக்கு வயசு! சரி, எத்தனைன்னு சொல்லிச்சு?"

"எண்பத்தி நாலு."

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு மகளோடுதான் இருக்கிறார். "இல்லம்மா, மாப்பிள்ளை வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"அத்தை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்களேன்," என்றான் அவன்.

அன்றே விஷயம் கொழுந்தியாள் வரை போய்விட்டது. போனில் அவள் சிரித்த சிரிப்பு அடுத்த அறைக்குக் கேட்டது. "அத்தான், எண்பத்தி நாலாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டலையா?"

அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாளே வேலையில் இறங்கினான்.

அந்தப் பக்கத்தில் பணம் கட்டும் பொத்தான் உள்ளங்கை அகலம். விலகும் பொத்தானைத் தேடித் தேடிக் கண் பூத்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்து அழுத்தினால், 'உங்கள் மூளையைக் கைவிடப் போகிறீர்களா?' என்று கேட்டது. 'ஆமாம்' என்பதை அழுத்தினான். 'பாதி விலைக்குத் தரட்டுமா?' வேண்டாம் என்றான். 'காரணம் சொல்லுங்கள்.' சொன்னான். பதில் வரவில்லை.

வங்கிக்குப் போனான். கவுன்டரில் இருந்த பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சார், மாசச் சந்தான்னு கீழே போட்டிருக்கு. நீங்களே டிக் பண்ணி சம்மதம் கொடுத்திருக்கீங்க. நாங்க என்ன பண்ண முடியும்?"

"எங்கே போட்டிருக்கு மேடம்? காட்டுங்க, பார்ப்போம்."

அந்தப் பெண் அவன் நீட்டிய டேப்லெட்டில் தேடினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினாள். கிடைக்கவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், லிஃப்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து, இரும்புக் கம்பியின் தடிமனை அளக்கும் கருவியை டேப்லெட் மேல் வைத்து எழுத்துகளை அளந்தான். முதல் நாள் விலை, பன்னிரண்டு மில்லிமீட்டர், கறுப்பு. மாதச் சந்தா, ஒரு மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணியில் வெளுத்த சாம்பல். படம் எடுத்து வைத்துக்கொண்டான். அதோடு விடாமல் பரீட்சையையும் இரண்டு முறை எழுதிப் பார்த்தான்.

"இதைக் கேளுங்க," என்றான் அன்று சாப்பிடும்போது. "எல்லாக் கேள்விக்கும் சரியா பதில் போட்டேன். மூளைக்கு எழுபத்தொன்பது வயசாம். கண்ணை மூடிக்கிட்டுத் தட்டினேன். எண்பத்தொண்ணாம்! எப்படி எழுதினாலும் கிழமாக்கிப் பயமுறுத்தி, மாசாமாசம் பயிற்சின்னு கறக்கிறான். அந்த நம்பர் சுத்தப் புளுகு."

"நிஜமாவா மாப்பிள்ளை?" என்றார் மாமியார். சற்றுக் கழித்து மறுபடியும் கேட்டார், "நிஜமாவே புளுகா?"

"சத்தியமா அத்தை."

படங்கள், அளவுகள், இரண்டு பரீட்சை முடிவுகள் எல்லாவற்றையும் கோத்து நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினான். தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் ஓடி ஒளிகிறவன், மூன்று தரம் அடித்துத் திருத்தி எழுதினான். வங்கி மேலாளர் மில்லிமீட்டர் கணக்கைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார்.

ஐந்து வாரம் கழித்துச் சந்தா நின்றது. நாலு மாதப் பணம் திரும்பி வந்தது.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு இதே கதிதாங்க. உங்க லெட்டரைக் காட்டினேன். வக்கீல் எழுதினதான்னு கேட்கிறாங்க!" என்றவள், அவன் தலையைச் செல்லமாகத் தட்டினாள். "இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டு எப்படிங்க போய் அதுல விழுந்தீங்க?"

"எல்லாரும் விழுறதுதான்," என்றான் அவன்.

மறுநாள் காலை அவள் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும், அவன் பைக் சாவியை எடுத்தான்.

"கிளம்புங்க அத்தை. பத்தரை மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார்."

"டாக்டரா? யாருக்கு?"

"மறதிக்குப் பார்க்கிற டாக்டர். நான் லீவு போட்டுட்டேன். உங்க பொண்ணுகிட்ட எப்பச் சொல்லணும்னு தோணுதோ, அப்ப நீங்களே சொல்லிக்குங்க."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைக்குப் போயிட்டு வர்றப்ப ஒருநாள் நம்ம தெருவே எனக்கு அடையாளம் தெரியலை மாப்பிள்ளை. பயந்துபோயி, யாருக்கும் தெரியாம அந்தப் பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். பேருகூடப் போடலையே... எழுதினது நான்தான்னு எப்படித் தெரிஞ்சது?"

"பிறந்த வருஷம் போட்டிருந்தீங்களே அத்தை. நான் பிறக்க அப்ப இன்னும் முப்பது வருஷம் பாக்கி!"