அந்தக் கையை வெட்டுங்க

“மறுபடியும் அவ கைதானா? ஏம்மா யூட்டா, ஜனங்க டிக்கெட் வாங்கி வர்றது என்னைப் பார்க்கவா, பியானோக்காரி விரலைப் பார்க்கவா?”

லைப்சிக் நகரின் அந்தச் சின்ன எடிட்டிங் அறையில் எக்பெர்ட் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வயலினில் பெரிய பெயர் எடுத்தவர். அவரும் பியானோ கலைஞர் மார்லீஸும் ஆளில்லாத அரங்கத்தில் வாசித்ததைப் படம் பிடித்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் ஐரோப்பா முழுக்கத் தியேட்டர்களில் வரப் போகிறது.

“அவங்களும் சேர்ந்துதானே சார் வாசிச்சாங்க?” என்றாள் எடிட்டர் யூட்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எங்க வாசிச்சா? பின்னாடி உட்கார்ந்து தட்டினா. கச்சேரிக்கு நாற்காலிகூடத்தான் வேணும். அதுக்காக நாற்காலியை யாராவது க்ளோசப்புல காட்டுவாங்களா?”

யூட்டா படத்தை மேலே ஓட்டினாள். மார்லீஸின் விரல்கள். பிறகு அவள் முகம். மறுபடியும் விரல்கள்.

“பாருங்க, நான் உச்சத்துக்குப் போறேன், கேமரா அவ மூக்கைப் பார்த்துக்கிட்டு நிக்குது. படம் பிடிச்சவனுக்கு அவ மேல காதலா?”

“அந்த உச்சத்துல சுருதி கொஞ்சம்...”

“அது பியானோவோட கோளாறு. அந்தக் கையை வெட்டுங்க. மூஞ்சியையும்தான். ஒண்ணு விடாம வெட்டுங்க.”

“அப்புறம் பியானோ சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு கேப்பாங்களே சார்.”

“எங்கேயிருந்தோ வருது. குழாயில தண்ணி வருது. யாராவது சுவத்துக்குப் பின்னாடி போய்ப் பார்க்கிறாங்களா?”

“சரி சார். ஆனா படத்துல அவங்க பேர் வருதே. போஸ்டர்லயும் இருக்கு. ஒப்பந்தப்படி அதை எடுக்கணும்னா நீங்கதான் தயாரிப்பாளர்கிட்ட சொல்லணும்.”

எக்பெர்ட் அங்கேயே போனை எடுத்தார். “பேர் ஒண்ணு போதும், என் பேர்” என்று சொல்லி வைத்தார்.

“மார்லீஸ் மனசு கஷ்டப்படப் போறாங்க.”

“படட்டும். அப்பவாவது தன் இடம் எதுன்னு புரியும்.”

கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் கிளம்பிப் போனார். படியில் அவர் காலடி ஓசை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, யூட்டா மார்லீஸுக்குப் போன் செய்தாள்.

“கை, முகம், பேர், எல்லாம் போச்சுடி. அவர் வாயாலேயே சொல்லிட்டார்.”

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

“நல்லா இருப்பே யூட்டா. நானா விலகினா ஒப்பந்தம் விடாது. அதான் படம் பூரா என் கையாவே காட்டி அவரைக் கடுப்பேத்தச் சொன்னேன். அவரோட அந்த அபஸ்வரத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தது நான்தான்னு இனிமே ஒருத்தருக்கும் தெரியாது.”